மூணு அடிச்சா ஆள் இருக்கு

உக்காருங்கப்பா, உக்காருங்க. எழுந்து நின்னு மரியாதை பண்ற அளவுக்கு நான் ஒண்ணும் பெரிய ஆள் கிடையாது. இதே ஃபேக்டரியில கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன சாலமன். புதுசா வந்திருக்கிற கிரேன் ஆபரேட்டருங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசணும்னு ட்ரெய்னிங் சார் கூப்ட்டாரு. என்னைப் போயி ரெண்டு வார்த்தையில நிறுத்தச் சொன்னாரு பாருங்க, அவருக்கு ரொம்பத்தான் நம்பிக்கை.

லீவர், பிரேக், எவ்ளோ எடைய எந்த ஸ்லிங் கயித்துல கட்டித் தூக்கணும், இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதுல நான் வாய வெக்க மாட்டேன். காலையில ஷாப்பைச் சுத்திக் காட்டும்போது உங்கள்ல ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டாரு. ஷிஃப்ட் ஆரம்பிக்கச்சொல்லோ கீழ நிக்கிற சிக்னல்காரர் ஸ்பானரால தூண்ல மூணு தட்டு தட்றாரு, மேல கேபின்ல இருந்து பதிலுக்கு மூணு மணி அடிக்குது, அது இன்னா டெஸ்ட்னு கேட்டாரு. பக்கத்துல இருந்த இஞ்சினியர் தம்பி, "மணி வேலை செய்யுதான்னு செக் பண்றாங்க"ன்னு சொல்லிட்டாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த மூணு மணிய ஆரம்பிச்சு வெச்சதே நான்தான். மணிய செக் பண்ண இல்ல. கதையச் சொல்றேன், கேளுங்க.

தொண்ணூறுகளோட கடைசி அது. எனக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். ஃபேப்ரிகேஷன் ஷாப்ல பெரிய கிரேன் என் கையில. மண்வாரி வண்டிங்களோட ஃப்ரேமைத் தூக்கி, புரட்டி, நகத்தி வெக்கிற வேலை. உண்மையச் சொல்றேன், அந்த வேலைய மாதிரி ஒரு வேலை கிடையாது. ஏணியில ஏறிக் கண்ணாடிக் கேபின்ல உக்காந்தா நான்தான் ராஜா. கீழ எவ்ளோ பெரிய ஆபீசரும் என் கொக்கிக்கு வழி விட்டுத்தான் நடக்கணும். எனக்கு சிக்னல் காட்டினவன் ஆரோக்கியம். மைன்ஸ்காரங்க குடியிருக்கற கோரமண்டல்ல ஒரே லைன் வீட்ல பொறந்து வளந்தவனுங்க நாங்க ரெண்டு பேரும். அவன் கைய ஆட்டுனா நான் இறக்குவேன், முஷ்டியப் பிடிச்சா நிப்பேன். எம் பொண்டாட்டிய விட அவன் கையத்தான் நான் ஜாஸ்தி பாத்திருக்கேன்.

அந்த வருசம் எனக்கு மொதக் குழந்தை பொறந்துச்சு. பொண்ணு. ஆகா, ஊரெல்லாம் மைசூர்பாக்கு குடுத்தேன். அதே நேரம் ஷாப்ல வேலை குவிஞ்சு கெடந்துச்சு. நானே கேட்டுக் கேட்டு டபுள் ஷிஃப்ட் வாங்கினேன். வீட்டுக்குப் போனா பாப்பா தூங்க விடாது. ஷாப்புக்கு வந்தா ஃப்ரேம் தூங்க விடாது. நமக்கு இன்னா, இரும்பு உடம்புன்னு நெனப்பு.

அப்போதான் ஒரு நாள் காலையில அது வந்துச்சு. கேபின்ல உக்காந்து கீழ பாக்கறேன். வெல்டிங் நெருப்பு, ஆளுங்க, ஆரோக்கியம் எல்லாம் இருக்கு. ஆனா எல்லாம் டிவியில ஓடுற மாதிரி இருக்கு. சத்தம் ரொம்ப தூரத்துல இருந்து வருது. லீவர் மேல ஒரு கை இருக்கு. மோதிரம் என் கல்யாண மோதிரம். ஆனா அந்தக் கை யாருதுன்னு தோணுது. "சாலமன்"னு என் பேரை நானே சொல்லிப் பாத்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரன் பேரு மாதிரி கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல சரியாப் போச்சு. தூக்கம் கம்மின்னு விட்டுட்டேன். அடுத்த நாளும் வந்துச்சு. அப்புறம் வீட்லயும் வர ஆரம்பிச்சுது. எம் பொண்டாட்டி ஸ்டெல்லா பாப்பாவக் குடுப்பா, நானும் கையில வாங்குவேன். யார் வீட்டுப் பிள்ளையவோ பாத்துக்கச் சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கும். தூக்கி வெச்சிக்கினு, "இது உன் பொண்ணுடா, உன் பொண்ணுடா"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். தெரியும், ஆனா ஒட்டாது. அவ்ளோ ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளை, தம்பிங்களா. அத நெனச்சு ஒரு சொட்டுக் கண்ணீரு கூட வரல எனக்கு.

நான் வெறிச்சு வெறிச்சுப் பாத்துக்கினு இருந்ததப் பாத்துட்டு எங்க அத்தை, ஸ்டெல்லாவோட அம்மா, கண்ணு பட்டுடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்ல மொத வரிசையில உக்காந்து பாட்டுப் பாடுறவங்க, திங்கக்கிழமை எனக்கு உப்பும் மொளகாயும் சுத்தி அடுப்புல போட்டாங்க. நெடியில வீடே இருமுச்சு. ரொம்ப பக்கத்துல யாரோ பயங்கரமா இருமுறாங்களேன்னு நானும் பாத்துக்கினு இருக்கேன். இருமினது நான்தான்!

இப்போ நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, அதுக்குத்தான் சொல்றேன். அப்போ யார்கிட்டயும் வாயத் தொறக்கல நான். ஏன்னா மெஷின் ஷாப்ல ஒருத்தர் இருந்தாரு. தலை ஒரு மாதிரி இருக்குன்னு ஒரே ஒரு நாள் சொல்லிட்டாரு. அன்னியில இருந்து அவர் பேரு மெண்டல். ரிட்டையர்மென்ட் மாலை போடுற அன்னிக்கும் மெண்டல்தான். எனக்கு அந்தப் பேரு வந்துட்டா கிரேன்ல ஏத்துவாங்களா? எம் பொண்ண மெண்டல் பொண்ணும்பாங்களேன்னு பயம்.

ஒரு நாள், பகல் ஷிஃப்ட். பெரிய ஃப்ரேம் ஒண்ணைத் தூக்கிப் புரட்டணும். ஃப்ரேம் அந்தரத்துல இருக்கு. வெல்டருங்க சுத்தி நிக்கிறாங்க. ஃபோர்மேன் இருக்காரு, மேல் ஆபீசுல இருந்து வேற ரெண்டு பேரு வந்து வேடிக்கை பாக்கறாங்க. ஆரோக்கியம் மெதுவா மெதுவான்னு கை காட்றான். பாதி புரட்டியாச்சு.

அந்த நேரம் பாத்து அது வந்துச்சு. எப்பவும் வர்ற மாதிரி இல்ல, மொத்தமா வந்துச்சு. சத்தம் எல்லாம் போச்சு. ஆரோக்கியம் கை ஆட்றான், அது எனக்குன்னே தோணல. யாரோ யாருக்கோ டாட்டா காட்றாங்க. லீவர்ல இருக்கற அந்தக் கை வேலை செஞ்சிக்கினு இருக்கு. நான் பின்னால உக்காந்து பாத்துக்கினு இருக்கேன்.

இங்கதான் நீங்க காது குடுத்துக் கேக்கணும். மொதல்ல எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? சீக்கிரம் இறக்கி வெச்சிடு, யாருக்கும் தெரியாது. அதான் தோணும். உங்களுக்கும் அதான் தோணும். கை பழகின கை, அதுவா செஞ்சிடும்னு தைரியம் சொல்லும். ஆனா சரியாப் புரண்டுதா இல்லையான்னு பாக்க வேண்டிய ஆள் அங்க இல்லையே! கை இருக்கு, ஆள் இல்ல. கீழ ஏழெட்டு வெல்டருங்க நிக்கிறாங்க, எல்லாம் பிள்ளகுட்டிக்காரனுங்க.

லீவரை எல்லாம் சைபருக்குக் கொண்டுவந்தேன். பிரேக் பிடிச்சுது, ஃப்ரேம் அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. ரெண்டு கையையும் எடுத்து மடியில வெச்சேன். எல்லாரும் தள்ளிப் போங்கன்னு கத்தணும். வாய் வரல. அப்போ என் காலு, கேபின் தரையில இருக்கற எச்சரிக்கை மணிய அதுவா மிதிச்சுது. மூணு.

கிரேன்ல மூணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆபத்துன்னா விடாம மிதிக்கணும். ஆனா என் காலு கோரமண்டல் காலு. எங்க நைனா மைன்ஸ்ல கேஜ்ல எறங்கினவரு. பூமிக்குள்ள ஆளை எறக்குற அந்தக் கூண்டுக்கு மணிதான் பாஷை. அசையும்போது ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா எறக்கு. மூணு அடிச்சா, ஆள் இருக்கு, மண்ணோ கல்லோ இல்ல, உள்ள மனுசன் இருக்கான், பாத்து ஓட்டு. பதிலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து மூணு வராம ஒருத்தரும் அசைய மாட்டாங்க. எங்க லைன்ல சின்னப் பசங்க நாங்க மரப்பெட்டியில ஒருத்தனை உக்கார வெச்சு, சாப்பாட்டுத் தட்டைத் தட்டி இதைத்தான் விளையாடுவோம். பெட்டியில எப்பவும் நான். தட்டைத் தட்றவன் ஆரோக்கியம், அவங்கப்பா நெஜமாவே மைன்ஸ்ல மணி அடிக்கிற வேலையில இருந்தவரு.

ஷாப்ல ஒருத்தருக்கும் புரியல. வந்திருந்த ஆபீசர் ஒருத்தர் சாப்பாட்டு மணின்னு வாட்சைப் பாத்தாரு. ஃபோர்மேன் கன்னடக்காரரு, நல்ல மனுசன், கோவம் மட்டும் மூக்கு மேல. "ஏன்ரீ சாலமன், ஏனாய்த்து? யாக்ரீ நில்ஸித்ரி?"ன்னு கத்துறாரு. இன்னா ஆச்சு, ஏன் நிறுத்துனன்னு கேக்கறாரு, நான் எங்க இருந்து பதில் சொல்றது?

ஆரோக்கியம் மட்டும் அண்ணாந்து பாத்தான். ஒரு நொடிதான். ரெண்டு கையையும் விரிச்சு வெல்டருங்க எல்லாரையும் வெளிய தள்ளினான். ஆபீசர் நெஞ்சுலயும் கைய வெச்சுத் தள்ளுனான், அவரு யாருன்னெல்லாம் பாக்கல. ஃப்ரேம் கீழ ஒரு ஈ காக்கா இல்லாம ஆக்கிட்டு, தூண்கிட்ட ஓடி, கையில இருந்த ஸ்பானரால அடிச்சான். டங். டங். டங்.

அது எனக்குக் கேட்டுச்சு. அவ்ளோ தூரத்துல இருந்த சத்தத்துல அது ஒண்ணுதான் எனக்குன்னு வந்துச்சு. நான் பெட்டியில உக்காந்திருக்கேன், தட்டுக்காரன் கீழ இருக்கான், பதில் குடுத்துட்டான். அப்பாடான்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் சரியாகல, ஆனா அப்பாடான்னு இருந்துச்சு.

மாத்து ஆபரேட்டர் குப்பண்ணன் அப்போ கேன்டீன்ல பாதிச் சாப்பாட்டுல இருந்தாரு. என்னை விட மூத்தவரு, உருவம் ரெண்டு ஆள் உருவம். கைகூடக் கழுவாம ஓடியாந்து ஏணி ஏறினாரு. அவரு ஏறின சத்தத்துக்கு கிரேனே ஆடுச்சு. கேபின் ஒரு ஆளுக்குக் கட்டினது. "தள்ளுடா, தள்ளு, இன்னும் தள்ளு"ன்னு என்னை மூலையில ஒதுக்கி உள்ள நொழஞ்சாரு. மூச்சு வாங்குது அவருக்கு. சோத்துக் கையால என் கழுத்தைப் பிடிச்சு, "இன்னாடா ஆச்சு?"ன்னாரு.

கருவாட்டுக் கொழம்பு, தம்பிங்களா! அந்தக் கையில கருவாட்டுக் கொழம்பு வாசனை. மூக்கைத் தொளச்சுக்கினு நேரா மண்டைக்குள்ள போச்சு. மூணு வாரமா எதுவும் ஒட்டாத எனக்கு அது ஒட்டுச்சு. "அண்ணே, கையக் கழுவலாம் இல்ல"ன்னு சொன்னேன். அதான் என் வாயில இருந்து வந்த மொத வார்த்தை.

அவர் என் மூஞ்சியப் பாத்தாரு. "எப்படி இருக்குது? எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குற மாதிரியா?"ன்னு கேட்டாரு.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எந் தம்பி செத்தப்போ எனக்கும் இருந்துச்சுடா. ஒரு மாசத்துக்கு மேல. அப்படியே ஓட்டுனேன், கர்த்தர் காப்பாத்துனாரு. நான் மணி அடிக்கல. நீ அடிச்ச. நீதான்டா கெட்டிக்காரன். இப்போ நகரு, எனக்குச் சோறு ஆறிப் போவுது."

ஃப்ரேமை அவரு அழகா எறக்கி வெச்சாரு. ஆரோக்கியம் என்னை ஏணியில இருந்து எறக்கி, தண்ணி குடுத்தான். எல்லாத்தையும் சொன்னேன். அவனுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டேய், கிரேன்ல ஒரு நட்டு லூசானா மொத ஆளா எங்கிட்ட சொல்ற. உனக்கு லூசானா சொல்ல மாட்டியா?"ன்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சிட்டான். ஃபோர்மேன் ஒரு வார்த்தை திட்டல. எங்கூடவே நடந்து ஃபேக்டரி டாக்டரம்மாகிட்ட கொண்டுவிட்டாரு.

டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டாங்க. அப்புறம், "இதெல்லாம் நெஜம்னு உங்களுக்குத் தெரியுதா?"ன்னாங்க.

"தெரியுதும்மா. தெரியுது, ஆனா ஒட்டல."

"தெரியுது இல்ல? அப்போ பைத்தியம் இல்ல. தூக்கம் இல்லாம, ஓய்வு இல்லாம, மனசைப் போட்டுப் பிழிஞ்சா அது ரெண்டு அடி பின்னால தள்ளி நின்னுக்கும். நெறய பேருக்கு வரும். யாரும் சொல்ல மாட்டாங்க. தூங்குங்க. நான் சொல்ற வரைக்கும் மேல ஏறக் கூடாது."

பைத்தியம் இல்லன்னு அந்தம்மா சொன்ன உடனே அவங்க கால்ல விழலாமான்னு பாத்தேன். அவ்ளோ சந்தோசம். ஆனா சந்தோசமும் கொஞ்சம் தள்ளித்தான் நின்னுச்சு, அது வேற விசயம்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்ல சொன்னேன். ஸ்டெல்லா அழுதா. "தெனம் நீங்க வீட்டுக்கு வரீங்க, ஆனா வரலன்னு எனக்குத் தெரியும். எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்"ன்னா. எங்க நைனா கட்டில்ல உக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு. கேபின், டாக்டரம்மா, மனசு எல்லாம் அவருக்குப் புரிஞ்சுதோ இல்லையோ. மூணு மணி அடிச்சேன்னு சொன்ன உடனே நிமுந்தாரு.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு நைனா. ஆரோக்கியம் அடிச்சான்."

"அப்போ சரி. சாப்பிடு"ன்னாரு.

அவ்ளோதான். எனக்கு அது போதுமா இருந்துச்சு.

அப்புறம் கொஞ்ச நாளு கீழ வேலை. ஆரோக்கியத்துக்குக் கீழ ஸ்லிங் மாட்டுற வேலை. அவன் அலட்டுனான் பாருங்க! "டேய் ராஜா, அந்தக் கட்டைய எடு. ராஜா, கிரீஸ் துடை." ஷாப்பே சிரிக்கும். மெண்டல்னு ஒருத்தன் கூப்பிடல, அதான் அதிசயம். குப்பண்ணன் மட்டும் தெனம் சாப்பிட்ட கைய எம் மூக்குகிட்ட நீட்டி, "வந்துட்டியா?"ன்னு கேப்பாரு. சாம்பார் அன்னிக்கு வேலை செய்யாது. மத்தி மீனுன்னா கொஞ்சம் செய்யும்.

பாப்பா மட்டும் இன்னும் ஒட்டல. நல்லாத் தூங்குனேன், நல்லாச் சாப்பிட்டேன், இரும்பு சூடு கையில ஒறைக்குது, டீ ருசிக்குது. பிள்ளையத் தூக்கினா மட்டும் அந்தக் கண்ணாடி. ஸ்டெல்லா தெனம் குளிப்பாட்டித் துடைச்சு என் கையில வெச்சிட்டு அந்தாண்ட போயிடுவா. வந்தா வரட்டும், வராட்டி பரவால்லன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குக் கெளம்பி நிக்கிறேன். வெள்ளச் சட்டை, ஸ்டெல்லா கஞ்சி போட்டுத் தேய்ச்சது, மடிப்புல கை வெச்சா கிழிக்கும். பாப்பாவ மார்ல சாய்ச்சு வெச்சிக்கினு இருக்கேன். திடீர்னு நெஞ்சுல இருந்து தொப்புள் வரைக்கும் சூடா ஓடுது. குனிஞ்சு பாத்தா, என்னையே பாத்துக்கினு நிதானமா மூத்திரம் போவுது. முடிச்சிட்டு ஒரு சிரிப்பு வேற!

"ஏய்! என் சட்டைடி!"ன்னு கத்தினேன்.

கத்தின பிறகுதான் எங் காதுல விழுந்துச்சு. அது எங் கொரலு. எந் நெஞ்சுதான் நனஞ்சிருக்கு. எம் பொண்ணு எம்மேல பேஞ்சிருக்கா. ஸ்டெல்லா சமையல்ல இருந்து ஓடியாந்தா. நான் சிரிக்கிறேன், அழுவுறேன், பாப்பாவத் தலைக்கு மேல தூக்கறேன், மிச்சம் மீதி எம் மூஞ்சியில சொட்டுது. "என் பொண்ணுடி ஸ்டெல்லா, இது என் பொண்ணு"ங்கறேன். "பின்ன யார் பொண்ணு, பைத்தியமே"ன்னு அவளும் சிரிக்கிறா, அழுவுறா. நைனா கட்டில்ல இருந்தபடியே கேட்டாரு, "இன்னாடா, வந்துட்டியா?" வந்துட்டேன் நைனான்னேன். அன்னிக்கு நாங்க யாரும் சர்ச்சுக்குப் போகல.

டாக்டரம்மா சரின்னு சொன்ன பிறகு திரும்ப கிரேன் ஏறுனேன். உக்காந்து கீழ பாக்கறேன். மறுபடி வந்துட்டா? ஆரோக்கியம் கை காட்டல. தூண்கிட்ட போயி ஸ்பானரால தட்டுனான். மூணு. ஷாப்பே வேலைய நிறுத்திட்டு அண்ணாந்து பாக்குது. குப்பண்ணன் டிபன் டப்பாவோட நிக்கிறாரு. நான் கால வெச்சு மிதிச்சேன். மூணு. என் காலுதான், எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கீழ ஒரே விசிலு. ஃபோர்மேன் மட்டும், "இன்னாயா இது, சினிமா கொட்டாயா? வேலையப் பாருங்க"ன்னு தமிழ்ல கத்திட்டு, அந்தப் பக்கம் திரும்பி சிரிச்சாரு.

அன்னியில இருந்து தெனமும் தட்டுனான். அடுத்த ஷிஃப்ட்காரங்களும் தட்ட ஆரம்பிச்சாங்க. என்னை விட்டுட்டா, இவ்ளோ வருசத்துல ரெண்டு தரம் மேல இருந்து பதில் வரல. ரெண்டு தரமும் ஆளைக் கீழ எறக்கி, டீ வாங்கிக் குடுத்து, இன்னான்னு கேட்டு, வீட்டுக்கு அனுப்பினோம். ஒருத்தனுக்கும் பட்டப் பேரு வெக்கல. எனக்கும் அப்புறம் எப்பவாச்சும் ஒரு நாளு லேசா வரும். வந்தா, பதில் அடிக்காம எறங்கி வந்துடுவேன், அவ்ளோதான்.

அதனால தம்பிங்களா, அது மணிய செக் பண்றது இல்ல. "மேல ஆள் இருக்கியா?"ன்னு கேக்கறாங்க. நெஜமாவே இருந்தாத்தான் பதில் அடிக்கணும். உடம்பு மட்டும் கேபின்ல இருந்தா அடிக்காதீங்க. வாயால சொல்ல வெக்கமா இருந்தா, காலைச் சும்மா வெச்சிருங்க, போதும். கீழ ஆள் இருக்கு, ஏறி வருவாங்க. கை மட்டும் கழுவிட்டு வரச் சொல்லுங்க.